மூழ்கிய நாடும் முன்னிருந்த திட்டும்

வகுப்பில் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட இடம். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த மன்னன் நெடுமுடிக்கிள்ளி துயரில் தோய்ந்து இந்திர விழாவை மறந்தான். விழா மறந்த ஊரைத் தெய்வம் சினந்தது. கடல் பொங்கி வந்து மாநகரை விழுங்கிற்று என்று சாத்தனார் சொல்வதை விளக்கிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஐயா, அப்படின்னா எங்க திட்டும் விழா எடுக்காததாலதான் போச்சா?"

வகுப்பில் சிரிப்பு எழும் என்று நினைத்தேன். எழவில்லை. நான் பணியாற்றுவது கடலூர் முதுநகரை அடுத்த பள்ளி. மாணவரில் பாதிக்கு மேல் குப்பத்துப் பிள்ளைகள். கடலைப்பற்றிய பேச்சில் அவர்கள் எளிதில் சிரிப்பதில்லை.

அந்தப் பெண் முதுநகரில் தன் அத்தை வீட்டில் தங்கி ஒன்பதாம் வகுப்புப் படிப்பவள். சொந்த ஊர் கிள்ளைப் பக்கம். பிச்சாவரத்துக் காடு முடிந்து கடல் தொடங்கும் இடத்தில், உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே, மணல் திட்டுகள் சில உண்டு. எம்.ஜி.ஆர். திட்டு, பில்லுமேடு, சின்னவாய்க்கால் என்பன போன்ற பெயர்கள் 2004 திசம்பர் 26க்குப் பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தன. அவள் குடும்பமும் அத்தகைய திட்டொன்றில் வாழ்ந்ததுதான். ஆழிப்பேரலைக்குப்பின் கரைக்கு வந்துவிட்டார்கள். அலை வந்தபோது இவள் பிறக்கவில்லை. இவள் தந்தையின் தங்கை, ஏழு வயதுச் சிறுமி, அன்று போனவள். பிறக்குமுன்பே இறந்துபோன அந்தச் சின்ன அத்தையை இவளுக்குப் படத்தில்கூடத் தெரியாது. படமும் அலையோடு போயிற்று.

"அது காப்பியக் கற்பனை. உட்காரம்மா" என்றேன். உட்கார்ந்தாள். உட்காரும்போது மெல்லச் சொன்னாள்: "எங்க ஆயாவும் அப்படித்தான் சொல்லுது, ஐயா."

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் நாடகமாகும். உறங்கினேன். ஆனால், ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னே, ஒரு புலவர் ஓலையில் எழுதிய காரணம், நான் நடத்தாத முன்பே, ஒரு குப்பத்துக் கிழவியின் நெஞ்சில் எப்படிக் குடியேறிற்று என்ற கேள்வி மட்டும் மறுநாளும் என்னோடு பேருந்தில் வந்தது.

தோழர்களே! பிறர் கதையைப் பிடித்து உலுக்குவதில் நமக்கு என்றும் சோர்வில்லை. கடலூர்க்காரனுக்கு வேலை இன்னும் எளிது. எங்கள் ஊரை அடுத்துக் கரையேறவிட்ட குப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. நாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தார்களாம். கல் தெப்பமாய் மிதந்து அவரைக் கரையேற்றியதாம். அவர் தமிழ்ப்பாட்டின் முன் நான் தலை வணங்குவேன். கல்லின்முன் வணங்க மாட்டேன். வடக்கே ஒரு கதை கல் மிதந்ததாகச் சொன்னது போதாதென்று, அந்தக் கதைக்காகத் தெற்கே ஒரு கடல்வழியே நின்றுபோயிற்று. சேதுக் கால்வாய்க்காக 1967இல் அண்ணா ஆட்சியில் எழுச்சி நாள் கொண்டாடினோம். 2005இல் மதுரையில் பணி தொடக்க விழா நடந்தது. 2007இல் உச்சநீதிமன்றப் படியில் இராமன் பாலம் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. தனுசுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கிடக்கும் மணல் திட்டுகளை, அலையும் நீரோட்டமும் சேர்த்துவைத்த மணல்மேடுகளை, ஒரு கதை பாலம் என்று அழைத்தது. அழைத்தபின் அவற்றை யாரும் மணலாகப் பார்க்கவே இல்லை. பவளத்துக்கும் மீனுக்கும் கேடு வருமோ என்று அந்தக் கரை மீனவர் கேட்ட கேள்வி ஒன்று இருந்தது. நேர்மையான கேள்வி, விடை சொல்லியாகவேண்டிய கேள்வி. பாலத்துக்கு எழுந்த கூச்சலில் அதுவும் மூழ்கிப்போயிற்று.

இவற்றையெல்லாம் மேடையில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் பெற்றிருக்கிறேன். ஆனால் இன்று எழுத வந்தது அதுவன்று. நான் பரிசு வாங்கிய பேச்சு வேறு.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்த நாளில், பேச்சுப் போட்டியில் குமரிக்கண்டத்தைப்பற்றிப் பேசினேன். பஃறுளி ஆறு தொடங்கிக் குமரி ஆறு வரை எழுநூறு காவதம்; ஏழேழாய் நாற்பத்தொன்பது நாடு; கடல் கொண்ட சங்கங்கள்; மறைந்த ஏடுகள். "இமயம் எழுமுன்னே எழுந்த இனம்" என்று முழங்கினேன். அடியார்க்குநல்லார் தந்த கணக்கை என் தாத்தா விட்டுச்சென்ற சொத்துக்கணக்கைப்போல் ஒப்பித்தேன். முதற்பரிசு கிடைத்தது.

பேசியபோது அறியாத செய்திகளைப் பின்னர் படித்தேன். இலெமூரியா என்ற பெயரை 1864இல் சூட்டியவர் இசுகிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார். மடகாசுகரில் இருக்கும் இலெமூர் இனத்தின் சாயல் இந்தியாவிலும் காணப்படுவது ஏன் என்று வியந்தார். இடையே ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று ஊகித்தார். அந்த நாளில் அது தவறான ஊகமன்று. வேறு விளக்கம் அப்போது கிடைக்கவில்லை. பின்னர், கண்டங்களே நகர்கின்றன, இந்தியா மடகாசுகரை விட்டுப் பிரிந்து வடக்கே வந்தது என்பது 1960களில் உறுதிப்பட்டது. மூழ்கிய கண்டத்துக்கு வேலை இல்லாமற்போயிற்று. அறிவியலார் கைவிட்டார்கள். நாம் விடவில்லை. குரங்கினத்துக்காக ஒருவர் கட்டிய நிலத்தில் நாம் நம் சங்கத்தைக் கொண்டுபோய் இருத்தி, இன்னும் இறக்கி வைக்கவில்லை!

இளங்கோவடிகள் பொய் சொன்னார் என்பதன்று என் கருத்து. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. ஈழத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகக் கடல் ஏறிற்று. கரை கரையாக நிலத்தை இழந்தவர்களின் நினைவு பாட்டாயிருக்கலாம். பிற்காலத்துப் பேரலையொன்றின் நினைவாயிருக்கலாம். அவ்வளவுதான் துணிந்து சொல்ல முடியும். எழுநூறு காவதம் என்று அளந்து சொல்ல முடியாது. பிறர் புராணத்துக்குச் சான்று கேட்கும் வாய், தன் புராணத்துக்கும் கேட்கவேண்டும். இதை எழுதும்போது என்மேல் சில தோழர்களுக்குச் சினம் வரும் என்று அறிவேன். வரட்டும்.

அந்த வார விடுமுறையில் அவள் தந்தையிடம் தொலைபேசியில் பேசி, ஆயாவைப் பார்க்க வருவதாகச் சொன்னேன். நான் பிறந்து வளர்ந்தது சிதம்பரம். கிள்ளை கூப்பிடு தொலைவு என்றே சொல்லலாம். பிச்சாவரத்துக்குச் சுற்றுலாப் படகில் இருமுறை போயிருக்கிறேன். 'இதயக்கனி' படம் எடுத்த இடம் என்று படகோட்டி காட்டிய வாய்க்காலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அதற்கும் கிழக்கே மனிதர் வாழ்ந்த திட்டு இருந்தது என்று கேட்டதுண்டு. போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

அவள் தந்தை தம் படகிலேயே அழைத்துப்போனார். சுரபுன்னை மரங்கள் வில்லாய் வளைந்த வேர்களை நீரில் ஊன்றி இருபுறமும் நிற்க, வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து எழுதுகோல்களைப்போல் நீட்டிக்கொண்டிருக்க, படகு போயிற்று. ஓரிடத்தில் இருளர் குடும்பமொன்று மார்பளவு நீரில் நின்று, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தக் காட்டை அவர்களைப்போல் விரல் நுனியால் அறிந்தவர் யார்? தில்லையைப் பாடிய நூல்கள் எத்தனை! அவற்றில் அவர்களுக்கு ஒரு வரி உண்டா?

அவர் ஒரு மரத்தைக் காட்டி, "அதுதான் தில்லை, கிளையைத் தொடாதீங்க" என்றார். நான் அப்போதுதான் தில்லை மரத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். தில்லை நகரில் பிறந்தவன், தில்லை என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டவன்! நகருக்குள் அம்மரம் காடாய் இருந்த காலம் கதைக்குள் போய்விட்டது. பதஞ்சலியும் புலிக்கால் முனிவரும் காத்துக் கிடந்தார்களாம். அவர்களுக்காகக் கூத்தன் ஆடினானாம். என் பாட்டி சொல்வார்: "தில்லை மரத்தை வெட்டினால் காளி கண்ணைப் பறித்துவிடுவாள்." பறிப்பது காளியன்று, பால். அந்த மரத்தின் பால் மேனியில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் பட்டால் பார்வை மங்கும். யாரோ ஒரு விறகு வெட்டி கண்ணைக் கெடுத்துக்கொண்டு கண்டறிந்த உண்மை அது. அந்த மனிதனின் பெயரை மறந்தோம். அவன் அறிவைக் காளிக்குக் கொடுத்தோம்.

அப்படிக் கொடுத்ததனால் காடாவது பிழைத்ததா? அதுவும் இல்லை. பல்லாண்டுகள் கூறு கூறாகக் காட்டை அடியோடு வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு வறண்டு தாழ்ந்தது, ஏற்றத்தில் புகுந்த நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கிற்று, உப்பு ஏறிற்று, மரம் முளைக்கவில்லை. 1990களில் வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன் முள்ளைப்போல் நடுவே ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, கடல் நீர் போய் வர வழி செய்தார்கள். மரம் மீண்டது. 2004இல் அந்தக் காட்டுக்குப் பின்னே இருந்த குப்பங்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின. அடுத்த ஆண்டே 'சயன்சு' ஏட்டில் கடலூர் மாவட்டக் கரையைப்பற்றிய ஆய்வு வந்தது. மரமிருந்த இடத்தில் சேதம் குறைவு என்றது. இல்லை, கரையிலிருந்து தொலைவும் மேட்டு நிலமும்தான் முதற்காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். வழக்கு இப்படித்தான் நடக்கவேண்டும்.

படகில் அந்தப் பெண் கேட்டாள்: "ஐயா, நீங்க ஒருநாள் வகுப்புல சொன்னீங்களே, எழுநூறு காவதம்னு. அது எவ்வளவு தூரம்?"

"மிகத் தொலைவு."

"எங்க திட்டுக்குப் படகுல கொஞ்ச நேரந்தான். நீங்க வந்ததே இல்லையா, ஐயா?"

அவள் தந்தை "சும்மா இரு" என்று அதட்டினார். நான் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டில் ஒன்றுமில்லை. அடும்பங்கொடி மணலைப் போர்த்திருந்தது. இடிந்த சுவர்கள் இரண்டு மூன்று. ஓர் அடிகுழாயின் துருப்பிடித்த தண்டு. அவர் நடந்து நடந்து காட்டினார்: இது எங்கள் வீடு, இது கோயில், இது வலை காயவைத்த இடம். மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்ட ஆபுத்திரன் எனக்கு நினைவு வந்தான். அள்ள அள்ளக் குறையாத கலம் கையில் இருந்தும், உண்பதற்கு ஓர் உயிர் இல்லாத இடத்தில் இதை வைத்து என்ன செய்ய என்று கலத்தைப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து உயிர்விட்டான் அவன். அந்தக் கதையில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆயா கிள்ளைப் பக்கத்தில், அலைக்குப்பின் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தார். ஊரின் பெயரையும் தம் பெயரையும் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

"வாங்க தம்பி. இவ சொல்ற வாத்தியாரு நீங்கதானா? சின்னப் புள்ளையா இருக்கீங்களே" என்றார். பேத்தி கேட்டதைச் சொன்னேன். சற்று நேரம் பாக்கை மென்றார்.

"அந்த வருசம் ஆடித் திருவிழா நின்னுபோச்சு தம்பி. தலைக்கட்டு வரியில தகராறு. எங்க வூட்டுக்காரரு, கணக்குக் காட்டுனாத்தான் வரி குடுப்பேன்னு நின்னாரு. ரெண்டு கட்சி ஆயிடுச்சு. விழா நின்னுது. மார்கழியில அம்மன் கேட்டுடுச்சு."

"யார் சொன்னது, ஆயா?"

"எல்லாரும் சொன்னாங்க. முகாம்ல கெடக்கும்போதே சொன்னாங்க. உன் புருசன் வரி குடுக்காததாலதான் ஊரு போச்சு, உன் புள்ளையும் போச்சுன்னாங்க. அவரும் நம்பிட்டாரு. அதுக்கப்புறம் கடலுக்கே போவல. ஆறு வருசம் இருந்தாரு. பேசாமயே இருந்து செத்துப்போனாரு."

கணக்குக் கேட்ட மனிதர்! எந்த ஊரில் எவன் கணக்குக் கேட்டாலும் அவனுக்குக் கைதட்டுகிற இயக்கம் நம்முடையது. அந்த மனிதரின் தலையில் ஒரு கடலைத் தூக்கி வைத்துவிட்டது ஒரு கதை. நெடுமுடிக்கிள்ளிக்கு ஏற்றிய பழியை ஒரு வலைக்காரனுக்கு மாற்றி எழுதியவர்கள் காப்பியம் படித்தவர்களல்லர், படித்திருக்கவேண்டிய தேவையுமில்லை. விழா எடு, இல்லையேல் கடல் வரும் என்பது நம் கரையின் காற்றிலேயே இருக்கிறது.

எனக்குள் மேடை விழித்துக்கொண்டது. பேசினேன். "ஆயா, அன்று மார்கழி முழுநிலா நாள். சிதம்பரத்தில் திருவாதிரை விழா ஒரு குறையுமின்றி நடந்துகொண்டிருந்த காலம். அந்த மாவட்டத்தில்தானே 600க்கு மேற்பட்டவர் இறந்தார்கள்? கிறித்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணியில் கோயிலுக்கு வந்த மக்களைத்தானே அலை வாரிற்று? நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்குமேல் போனார்களே, அத்தனை ஊரிலுமா வரித் தகராறு? விழா எடுத்த ஊருக்கும் வந்தது, எடுக்காத ஊருக்கும் வந்தது. சுமத்திராத் தீவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு செய்தி வந்திருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அம்மன் கேட்கவில்லை, ஆயா. அரசிடம் அன்று எச்சரிக்கை நிலையம் இல்லை. அதுதான் காரணம்."

எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் மிகையில்லை. ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும், "சாப்புட்டுப் போங்க தம்பி. எறா தொக்கு இருக்கு" என்றார்.

என் வாழ்நாளில் இவ்வளவு முழுமையாகத் தோற்ற சொற்பொழிவு வேறில்லை. தொக்கு நன்றாக இருந்தது.

ஊர் திரும்பித் தேடிப் படித்தபோது சிமெலுத் தீவைப்பற்றி அறிந்தேன். சுமத்திராவுக்கு மேற்கே, நிலம் பிளந்த இடத்துக்கு மிக அருகே உள்ள தீவு. 1907இல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதற்கு 'சுமோங்' என்று பெயரிட்டு, பாட்டி பேரனுக்கும் தாய் சேய்க்குமாகச் சொல்லிவந்தார்கள். தாலாட்டிலும் பாடினார்கள். செய்தி சிறியது: நிலம் வலுவாக ஆடும், கடல் உள்வாங்கும், நிற்காதே, மேட்டுக்கு ஓடு. 2004இல் அந்தத் தீவுக்கு அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. வானொலி சொல்லவில்லை, அரசு சொல்லவில்லை. தொண்ணூற்றேழு ஆண்டுக்கு முன் செத்தவர்கள் சொன்னார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர் ஏழு பேர்.

நம் கதையையும் அந்தக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் கடல்கோளைப்பற்றியவை. நமது, ஏன் வந்தது என்று சொல்லி ஒருவன்மேல் பழியைப் போடுகிறது. அவர்களது, எப்படி வரும் என்று சொல்லிக் காலை எடுக்கச் சொல்கிறது. அவர்களும் இறைநம்பிக்கை உள்ள மக்களே. ஆனால் அந்த ஒரு கதையில் மட்டும் தெய்வத்தின் தலையீட்டை எதிர்பார்த்து நிற்கவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அந்தக் கதையை அப்படியே பெயர்த்து நம் கரையில் நட முடியாது என்பதும் படிக்கப் படிக்கத் தெரிந்தது. பிளவுக்குக் கிழக்கே கடற்படுகை தாழ்ந்தது, மேற்கே உயர்ந்தது. ஆகையால் அந்தப் பக்கத்துக் கரைகளில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் முதலில் பொங்கியே வந்தது. நிலம் ஆடியதும் இங்கே பலருக்குத் தெரியவில்லை. ஓடி ஏறக் குன்றும் கிடையாது. சுமோங் கதையை மனப்பாடம் செய்த குழந்தை, கிள்ளைக் கரையில் நில நடுக்கத்துக்காகக் காத்துக்கொண்டே நின்றிருக்கும். தொலைவில் பிறக்கும் அலையை நாட்டுப்புறக் கதை அறியாது, கருவிதான் அறியும். 2007இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைத்துவிட்டார்கள். மணி அடிக்கும். அடித்தபின் என்ன செய்வது, முதல் அலை வடிந்தபின் எவ்வளவு நேரம் கடற்கரைக்குத் திரும்பக்கூடாது என்பதற்கு இந்தக் கரையில் பிறந்த ஒரு கதை வேண்டும். அது திட்டில் வாழ்ந்தவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் அம்மனைப்பற்றி மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் அதைக் கேலி செய்வதோடு நின்றுகொண்டோம்.

வகுப்பில் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். வீட்டில் மூத்தோரிடம் கேட்டு எழுதவேண்டும்: எத்தனை மணி, நீர் எந்தப் பக்கமிருந்து வந்தது, முதலில் எந்த உயரம், வடிந்ததா, யார் எங்கே ஓடிப் பிழைத்தார். ஏன் வந்தது என்று கேட்கக்கூடாது என்று ஒரே விதி. ஒரு பெரியவர் வந்து, செத்தவர் கதையைப் பிள்ளைகளைக் கிளறச் சொல்வது தகாது, சாமியைப் பழிக்கவே இந்த ஏற்பாடு என்று என்னிடம் கடிந்துகொண்டார். முதற்பாதிக்கு என்னிடம் விடையில்லை. குறிப்பேடு நிற்கவில்லை.

மாசிமகம் முடிந்த வாரம் மீண்டும் கிள்ளைக்குப் போனேன். மகத்தன்று திருமுட்டத்திலிருந்து பூவராகர் கடலாட வந்து சென்ற சுவடு இன்னும் இருந்தது: கரும்புச் சக்கை, அறுந்த மாலை. கடலுக்குள் போன நிலமகளைக் கொம்பில் ஏந்தி மீட்டவராம், ஆண்டுதோறும் வருகிறார். வழியில் தர்காவின் முன் இசுலாமியத் தோழர்கள் அவருக்கு வரவேற்பளிப்பார்கள் என்பதற்காக மட்டும் அந்த ஊர்வலத்தை நான் மன்னிப்பேன்.

ஆயாவிடம் இம்முறை நான் சொற்பொழிவாற்றவில்லை. பேத்திதான் சிமெலுத் தீவின் கதையைச் சொன்னாள், பாட்டி பேத்திக்குச் சொல்வதுபோல, இங்கே தலைகீழாக. ஆயா முழுவதும் கேட்டார். பிறகு கேட்டார்:

"மொத அலை போனப்புறம் ரெண்டாவது வரும்னு அந்தத் தீவுக்காரங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும், ஆயா. வடிந்தாலும் இறங்கக்கூடாது என்று தெரியும்."

நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மொத தண்ணி முழங்காலுக்குத்தான் வந்துது. வந்த வேகத்துல போயிடுச்சு. கரையெல்லாம் மீனு துள்ளுது. நாந்தான் கூடையக் குடுத்து, போயிப் பொறுக்கிட்டு வாடின்னு அனுப்பினேன்."

அவர் மகன், என் மாணவியின் தந்தை, வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார். இருபது ஆண்டுக்குமேல் ஒரே கூரையின்கீழ் இருந்தும் அவருக்கு இது தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. வரித் தகராறும் ஆடித் திருவிழாவும் அம்மனின் கோபமும் இத்தனை நாளும் இந்த அம்மையார்மேல் சுமத்தப்பட்ட பழி என்றே நினைத்துவந்தேன். சுமையுந்தான். ஆனால் அதன் அடியில் இதைவிடக் கனமான ஒன்று இருந்தது. அதை மூடிக்கொள்ள அம்மன் வேண்டியிருந்தது. அந்த மூடியைத்தான் நான் முதல்முறை வந்தபோது வெற்றிக்களிப்போடு பிடுங்கப் பார்த்தேன். பிடுங்கியது சரியா என்று என்னைக் கேட்டால், சரி என்றே இன்றும் சொல்வேன். பேரன் பேத்திகள் அந்தக் கரையில்தான் வாழப்போகிறார்கள். அம்மன் அவர்களைக் காக்கமாட்டாள். ஆனால் அன்று அந்த அறையில் இதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. "உங்களுக்கு யாரும் சொல்லவில்லையே ஆயா, நீங்கள் எப்படி அறிவீர்கள்?" என்று மட்டும் சொன்னேன். அதுவும் காதில் விழுந்ததோ என்னவோ.

"நோட்ட எடுடி" என்றார் பேத்தியிடம். எடுத்தாள்.

"மொத தண்ணி சின்னது. அது போனப்புறம் கடல் ரொம்ப தூரம் உள்ள போச்சு. மீனு கெடக்கும், போகக்கூடாது. ரெண்டாவதுதான் பெருசு. காட்டுப் பக்கம் வாய்க்கால்ல படகு வச்சிருந்தவங்க பொழச்சாங்க. இதை எழுதிக்க."

அவள் எழுதினாள். "உன் அத்தை பேரையும் எழுது" என்றார். அதையும் எழுதினாள். பிழையொன்று இருந்தது, இப்போது திருத்தவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பொழுது சாய்ந்தது. ஆயா எழுந்துபோய்ச் சுவரோரத்து மாடத்தில் அம்மன் படத்தின் முன் விளக்கேற்றிவிட்டு வந்து, எனக்குத் தேநீர் வைத்தார்.